வீட்டுப் பட்டறைக்கு ஒரு சிறிய மில்லிங் மெஷின்: வாங்குமுன் அளக்க வேண்டியவை

என் அக்காள் மகன் சத்துவாச்சாரியில் இருக்கிறான். வீட்டின் பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டு, பொருளைச் சுழற்றிக் கடையும் நான்கரை அடி லேத் ஒன்றை வைத்திருக்கிறான். உருண்டையாக இருக்கும் எதையும் அதில் செய்துவிடுவான். ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவ வேண்டும், ஷாப்டில் (சுழலும் தண்டில்) சாவிக்காடி வெட்ட வேண்டும் என்றால்தான் சிக்கல். சாவிக்காடி என்பது, சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவி என்ற இரும்புக் கட்டை உட்காரும் பள்ளம். இவற்றுக்கு மில்லிங் மெஷின் வேண்டும்: டேபிளில் கட்டிய பொருளை, பல் உள்ள கட்டர் சுழன்று சீவும் மெஷின் அது. பொருளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு காட்பாடிப் பக்கம் உள்ள பட்டறைக்குப் போவான். பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. கம்பெனி ஆர்டர் ஐம்பது உருப்படி காத்திருக்கும்போது, பம்பு ஷாப்டில் ஒரே ஒரு காடி வெட்டுவதற்காக யார் செட்டிங்கைக் கலைப்பார்கள்? நாளை வரச் சொல்வார். நாளைக்கும் அதையே சொல்வார்.

“மாமா, நானே ஒரு மில்லிங் மெஷின் வாங்கிவிடட்டுமா?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டான். கைப்பேசியில் நான்கு மெஷின்களின் படம் இருந்தது. நான்குக்கும் மோட்டார் எத்தனை வாட் என்று குறித்து வைத்திருந்தான். எடை எவ்வளவு என்று கேட்டேன். தெரியவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் பார்ப்பதைப் போல முதலில் எடையைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். அதற்குப் பின் வந்த சில ஞாயிறுகளில் அவனுக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ராணிப்பேட்டையில் மெஷின்களோடு பல வருடம் நின்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

வேலையை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, கடந்த ஒரு வருடத்தில் வெளியே கொடுத்துச் செய்த மில்லிங் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நீளம், அகலம், உயரம், எந்த உலோகம் என்று குறியுங்கள். ஆசைக்காக எதையும் சேர்க்க வேண்டாம். என் மருமகன் பட்டியலில் இருந்தவை: 25 மில்லிமீட்டர் ஷாப்டில் சாவிக்காடி, மோட்டார் அடித்தட்டில் நீளத் துளை, அலுமினியத் தகட்டில் சில பள்ளங்கள், பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் ஒன்றின் தாடையைச் சீர்செய்வது. 25 மில்லிமீட்டர் ஷாப்டுக்கு 8 மில்லிமீட்டர் சாவி. ஷாப்டில் 4 மில்லிமீட்டர் ஆழம் வெட்ட வேண்டும். இது இரும்பு வேலை. அலுமினியம் மட்டும் என்றால் இலேசான மெஷின் போதும். இரும்பு என்று வந்துவிட்டால் கணக்கு மாறும்.

நீளத்தையும் அகலத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். உயரத்தில்தான் ஏமாறுவோம். நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். முதலில் வாங்கிய சிறிய மெஷினில், கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மூக்குக்கும் டேபிளுக்கும் இடையே அதிகபட்சம் 280 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. ஒரு சாண் அளவுள்ள பொருள்களைச் செய்யப் போகிறோம், இது தாராளம் என்று நினைத்தேன். மெஷின் வந்தது. சுழலும் அடித்தட்டு உள்ள வைஸை வைத்தேன். பொருள் உட்காரும் இடம் டேபிளிலிருந்து 100 மில்லிமீட்டர் உயரத்துக்குப் போய்விட்டது. ஸ்பிண்டிலில் டிரில் பிட்டைப் பிடிக்கும் சக்கை மாட்டினேன், அது கீழே 100 இறங்கியது. 10 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் மொத்த நீளம் 133. சக்கைக்குள் போனது போக 100 வெளியே நின்றது. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 300 ஆகிறது. ஒரு காகிதத்தைக்கூட வைக்க இடமில்லாத மெஷினை வாங்கியிருந்தேன்.

பிறகு வைஸின் சுழலும் அடித்தட்டைக் கழற்றிப் போட்டேன். டிரில் பிட்டின் பின்பக்கத்தை வெட்டிக் குட்டையாக்கினேன். காலம் ஓடியது. ஆனால் வாங்கும் முன்பே வைஸ் உயரம், சக்கை, பிட், பொருள் நான்கையும் கூட்டி, மேலே 50 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்திருந்தால் அந்தக் கஷ்டம் வந்திருக்காது.

துளை போடும் மெஷினில் செய்ய முடியாதா?

முடியாது. துளை போடும் மெஷினின் பேரிங்குகள் மேலிருந்து கீழே அழுத்தும் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை. எண்ட் மில், அதாவது பக்கத்திலும் பல் உள்ள மில்லிங் கட்டர், பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலில் சக்கை டேப்பர் என்னும் கூம்புப் பிடியிலிருந்து கழன்று, சுற்றிக்கொண்டே விழும். அது விழுந்து உருளும் திசையில் உங்கள் வயிறு இருக்கும். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

எடை ஏன் முக்கியம்

10 மில்லிமீட்டர் கட்டரில் நான்கு பற்கள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 800 சுற்று. ஒரு நிமிடத்தில் 3200 முறை ஒரு பல் இரும்பில் மோதுகிறது. லேத்தில் டூல் தொடர்ந்து சீவும். இங்கே ஒவ்வொரு பல்லும் தனித்தனி அடி. அந்த அடியை வாங்கிக்கொள்ள வார்ப்பிரும்பு வேண்டும். தூண் மெலிந்திருந்தால் மெஷினே நடுங்கும், கட்டர் கத்தும், வெட்டிய முகத்தில் மீன் செதில்போல் வரிவரியாக விழும். பெரிய மோட்டாரைப் போட்டால் நடுக்கம் கூடுமே தவிர குறையாது.

சந்தையில் கிடைப்பவற்றை எடையை வைத்தே பிரிக்கலாம். 50 கிலோவை ஒட்டியவை மேசைமேல் வைக்கும் குட்டி மெஷின்கள். சீனாவில் செய்து, பல நிறங்களில் பல பெயர்களில் விற்பார்கள். அலுமினியம், பித்தளை, சிறு மாடல் எஞ்சின் வேலைக்கு நல்லவை. இரும்பை அரை மில்லிமீட்டர் வீதம் பொறுமையாகச் சீவலாம். சில மாடல்களின் தலைக்குள் நைலான் பல்சக்கரம் இருக்கும், கட்டர் எங்காவது சிக்கினால் முதலில் அதுதான் உடையும். பெல்ட்டில் ஓடுவதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

100 முதல் 160 கிலோ வரை உள்ளவற்றைத்தான் வீட்டுப் பட்டறைக்கு நான் சொல்வேன். நான்கு பேர் சேர்ந்தால் நகர்த்தலாம், சாதாரண வீட்டு மின்சாரத்தில் ஓடும், இரும்பில் சாவிக்காடி வெட்டினால் முகம் சுளிக்காது. 300 கிலோ அளவில் வருபவற்றில் இரண்டு வகை உண்டு. சதுரத் தூணில், தலை நேராக ஏறி இறங்கப் புறாவால் வடிவ வழித்தடம் உள்ளது ஒன்று, வட்டத் தூண் உள்ளது மற்றொன்று. வட்டத் தூண் விலை மலிவாக இருக்கும். ஆனால் டிரில்லை எடுத்துவிட்டுக் கட்டரை மாட்டுவதற்காகத் தலையை உயர்த்தினால், தலை இடமோ வலமோ திரும்பிவிடும். அதுவரை பிடித்து வைத்த மையம் போய்விடும், முதலிலிருந்து தேட வேண்டும். அந்த மலிவு எனக்கு வேண்டாம்.

அதற்கு மேலே, ஒரு டன் அளவில், எம்1டிஆர் என்று பட்டறைகளில் சொல்லும், தலையைத் திருப்பக்கூடிய டரெட் மெஷின்கள். அதற்கும் மேலே எச்.எம்.டி.யின் எஃப்.என்.2, பெங்களூர் பி.எஃப்.டபிள்யூ. போன்ற பழைய யானைகள். அவற்றைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கை ஊறும். அந்த இரும்பின் தரம் அப்படி. ஆனால் கோசப்பேட்டைச் சந்து ஒன்றில் வீடு இருப்பவர் அதை எப்படி உள்ளே கொண்டுபோவார்? ஆகவே என் விதி இதுதான்: உங்கள் வாசலும் தரையும் மின்கம்பியும் தாங்கக்கூடிய மெஷின்களில் எது மிகவும் கனமோ அதை வாங்குங்கள்.

ஸ்பிண்டில் டேப்பரும் டயலும்

சிறிய மெஷின்களில் ஸ்பிண்டில் மூக்கின் கூம்புத் துளை மோர்ஸ் டேப்பர் 3 அல்லது ஆர்8 என்ற வகையாக இருக்கும். உங்கள் லேத்தின் டெயில் ஸ்டாக்கிலும் (பின்தலையிலும்) மோர்ஸ் 3 இருந்தால் சக்கை, சென்டர் எல்லாம் இரண்டுக்கும் பொதுவாகும், செலவு குறையும். ஆனால் மோர்ஸ் டேப்பர் இறுகப் பிடித்துக்கொள்ளும். கழற்ற ஒவ்வொரு முறையும் மேலே உள்ள இழுகம்பியைச் சுத்தியலால் தட்ட வேண்டும், அந்த அடி பேரிங்குக்கும் போகும். ஆர்8 ஒரு சிறு தட்டில் கழன்றுவிடும். எது இருந்தாலும், கட்டரின் தண்டைச் சுற்றிலும் சமமாக இறுக்கும் ஈஆர்32 காலட் சக்கை ஒன்றை வாங்கி அதிலேயே எல்லாக் கட்டரையும் பிடியுங்கள். 20 மில்லிமீட்டர் தண்டு வரை பிடிக்கும். 50 கிலோ மெஷினுக்கு ஈஆர்25 போதும். எண்ட் மில்லை டிரில் சக்கையில் மாட்டக் கூடாது. கட்டரின் முறுக்கு அதைக் கீழே இழுத்து, பொருளுக்குள் அமிழ்த்திவிடும்.

கைச்சக்கரத்தின் டயலையும் பாருங்கள். ஒரு சுற்றுக்கு டேபிள் 2 மில்லிமீட்டர் நகர்ந்தால் நிம்மதி. சில மலிவு மெஷின்களில் அங்குல மரையைப் போட்டிருப்பார்கள், ஒரு சுற்றுக்கு 1.5875 மில்லிமீட்டர் நகரும். 37 மில்லிமீட்டர் நகர்த்த எத்தனை சுற்று என்று ஒருமுறை மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏன் வேண்டாம் என்கிறேன் என்று புரியும். டிஜிட்டல் அளவுகோல் மாட்டினால் இந்தத் தொல்லையே இல்லை, அதைப் பிறகும் மாட்டிக்கொள்ளலாம்.

மின்சாரம்

750 வாட் வரையுள்ள சிறிய மெஷின்களுக்கு நல்ல எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் போதும். பழைய டரெட் மெஷினில் மும்முனை மோட்டார் இருக்கும். அதற்காக மும்முனை இணைப்பு வாங்க வேண்டும் என்பதில்லை. ஒருமுனை 230 வோல்ட்டை உள்ளே வாங்கி மும்முனை 230 வோல்ட்டாக வெளியே தரும் வி.எஃப்.டி. என்னும் மின்னணுப் பெட்டி கிடைக்கிறது. 2.2 கிலோவாட் வரை, அதாவது 3 குதிரைத் திறன் வரை, எளிதாகக் கிடைக்கும். கூடுதல் நன்மை, வேகத்தையும் அதிலேயே மாற்றலாம்.

ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் மூன்று காயில்களை இணைக்கும் இரண்டு முறைகள். மோட்டாரின் பெயர்த் தகட்டில் 415 வோல்ட் ஸ்டார் என்று இருந்தால், இணைப்புப் பெட்டியைத் திறந்து டெல்டாவாக மாற்றினால் அது 230 வோல்ட்டில் முழுத் திறனோடு ஓடும். 415 வோல்ட்டே டெல்டா என்று இருந்தால் இந்த வழி ஆகாது. ஆறு முனைகளும் வெளியே வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். மூன்றுதான் வந்திருக்கிறது என்றால், காயிலுக்குள்ளேயே முடிச்சுப் போட்டிருப்பார்கள். இதை மோட்டார் காயில் கட்டுபவரிடம் காட்டிக் கேளுங்கள், நீங்களே பிரிக்க வேண்டாம்.

1.5 கிலோவாட் வி.எஃப்.டி. ஒருமுனையில் 14 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி இணைப்பு, பாரம் கூடினால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் தனியாக வேண்டும். இன்னொன்று, அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 40 டிகிரிச் சூடு வரைக்கும் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. கத்திரி வெயிலில் வேலூர் வெளியிலேயே அதைத் தாண்டும், தகரக் கொட்டகைக்குள் சொல்லவே வேண்டாம். அதனால் ஒரு அளவு பெரிய பெட்டியாக வாங்கி, கூரைக்கு அடியில் மாட்டாமல் இடுப்பு உயரத்தில் காற்றோட்டமாக மாட்டுங்கள். நாமும் அந்த மாதத்தில் காலை பத்து மணிக்குள் வேலையை முடித்துவிடுவதுதான் நல்லது.

சொந்த வேலைக்கு வீட்டு இணைப்பில் ஓட்டலாம். கூலிக்கு வேலை எடுக்கத் தொடங்கினால் மின்வாரியத்தில் கட்டணப் பிரிவை மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய மெஷினைப் பார்க்கப் போனால்

வேலூரிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர், பெங்களூர் 210 கிலோமீட்டர். பழைய மெஷின் வேண்டுமானால் சென்னை அம்பத்தூரிலோ பெங்களூர் பீண்யாவிலோ ஒரு நாள் சுற்ற வேண்டும். பையில் இவற்றை எடுத்துப் போங்கள்: காந்த அடியோடு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி), டார்ச், துணி, உங்கள் சொந்தக் கட்டர் ஒன்று, கையளவு இரும்புத் துண்டு.

ஒருமுறை நானும் மருமகனும் சென்னைப் புறநகரில் ஒரு கொட்டகைக்குப் போனோம். டரெட் மெஷின் ஒன்று பச்சைப் பெயின்டில் பளபளவென்று நின்றது. பெயின்ட் வாசனை கூடப் போகவில்லை. டேபிளைத் துணியால் துடைத்தேன், கட்டர் கடித்த தழும்பும் டிரில் குத்திய குழியும் அதிகமில்லை. சரி என்று டேபிளை நடுவில் நிறுத்தி, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் ஆட்டினேன். ஆட்டம் தெரிந்தது. “ஜிப் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது சார், இறுக்கினால் சரியாகிவிடும்” என்றார் கடைக்காரர். ஜிப் என்பது டேபிளுக்கும் அதன் தடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கும் பட்டை. இறுக்கச் சொன்னேன். இறுக்கினார், நடுவில் ஆட்டம் நின்றது. பிறகு கைப்பிடியை மருமகனிடம் கொடுத்து, டேபிளை ஓரம் வரை ஓட்டச் சொன்னேன். முக்கால் தூரம் போனதும் சக்கரம் நின்றுவிட்டது. இரண்டு கையாலும் அழுத்தினான், நகரவில்லை.

எல்லா வேலையும் டேபிளின் நடுவிலேயே நடக்கும். அதனால் வழித்தடம் நடுவில் மட்டும் தேய்ந்து பள்ளமாகிறது, ஓரம் புதிதாகவே இருக்கிறது. நடுவுக்கு இறுக்கினால் ஓரத்தில் சிக்கும், ஓரத்துக்கு விட்டால் நடுவில் ஆடும். இதைப் பெயின்டால் மறைக்க முடியாது. தடத்தைச் சுரண்டியோ கிரைண்டிங் செய்தோதான் சரிசெய்ய வேண்டும், அந்தச் செலவில் இன்னொரு மெஷின் வாங்கலாம். டீ குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.

இந்த ஒரு சோதனையில் தேறினால் மற்றவற்றைப் பாருங்கள். ஸ்பிண்டில் டேப்பரின் உட்பக்கத்தில் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றினால், முள் 0.02 மில்லிமீட்டருக்குமேல் அலையக் கூடாது. கைச்சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றிவிட்டு எதிர்ப்பக்கம் திருப்பும்போது, டேபிள் நகரத் தொடங்குமுன் டயலில் எவ்வளவு வீணாகிறது என்று எண்ணுங்கள். பழைய மெஷினில் அரை மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்ளலாம், மில்லிமீட்டரைத் தாண்டினால் நட்டை மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அதிக வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு ஸ்பிண்டில் பேரிங் பக்கத்தில் கையை வையுங்கள், கை தாங்காத சூடு என்றால் வேண்டாம். கடைசியில் நீங்கள் கொண்டுபோன கட்டரால் நீங்கள் கொண்டுபோன இரும்பை வெட்டிப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் பேரம் பேசி என்ன பயன்?

புதியது வாங்குபவர் பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும் என்பதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல் போர்டு கெட்டால் இந்தியாவில் தனியாகக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவருதல்

குட்டி யானை வண்டி முக்கால் டன் வரைதான் ஏற்றும். 300 கிலோ மெஷினுக்கு அது போதும், டரெட்டுக்குப் பெரிய வண்டி வேண்டும். மில்லிங் மெஷின்கள் எல்லாம் தலை கனத்தவை, வளைவில் கவிழப் பார்க்கும். டரெட் மெஷின் என்றால் தலையின் போல்ட்டைத் தளர்த்தி, தலைகீழாகத் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள், கனம் கீழே இறங்கிவிடும். சிறியதாக இருந்தால் டேபிளையும் தலையையும் கழற்றித் தனித்தனியாகத் தூக்குவதுதான் புத்திசாலித்தனம். இறக்குவதற்குச் செயின் பிளாக், தரையில் நகர்த்த நான்கு குழாய்த் துண்டுகள், ஒரு கடப்பாரை போதும். டேபிள் கைப்பிடியில் கயிறு கட்டித் தூக்க யாரையும் விடாதீர்கள். ஸ்க்ரூ வளைந்துவிடும்.

டைல்ஸ் தரையில் நேரடியாக வைக்க வேண்டாம். கால் படும் இடத்தில் டைல் வெடிக்கும், அதன்பின் மெஷின் மட்டத்தில் நிற்காது. அரையடி கான்கிரீட் போட்டு, நன்றாக இறுகவிட்டு, ரசமட்டம் வைத்து நிறுத்துங்கள்.

சுற்றிலும் வேண்டியவை

பணம் முழுவதையும் மெஷினுக்கே கொடுத்துவிட்டால், வந்த மெஷின் பூஜை போட்டு மூடி வைக்கத்தான் ஆகும். கையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கையாவது தனியே வையுங்கள். நல்ல வைஸ் முதல் செலவு. தாடை 100 மில்லிமீட்டர், சுழலும் அடித்தட்டு இல்லாதது. பிறகு காலட் சக்கை, டேபிளின் டி காடிக்குப் பொருந்தும் கிளாம்பிங் செட், டயல் கேஜ், வைஸில் பொருளை மட்டமாக உயர்த்தி வைக்க ஒரு ஜோடி பேரலல் கட்டை. கட்டர்கள் ஹைஸ்பீட் ஸ்டீலில் 6, 8, 10, 12 போதும். அடிசன் போன்ற நம்மூர்த் தயாரிப்பு சென்னைப் பாரிமுனைக் கடைகளில் கிடைக்கும். ஐம்பது கட்டர் ஒரே பெட்டியில் என்று வரும் மலிவுச் சரக்கில், நீங்கள் பயன்படுத்தப்போவது நான்கு, அந்த நான்கும் முதல் மாதமே மழுங்கும். கார்பைடு என்னும் மிகக் கடினமான வகைக் கட்டர் அவசரமில்லை. பழகும் காலத்தில் அது உடைந்துகொண்டே இருக்கும்.

முதல் வெட்டு

மெஷின் நின்றதும் ஸ்பிண்டிலில் டயல் கேஜைக் கட்டி, டேபிள்மேல் வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். இடது, வலது, முன், பின் நான்கிலும் முள் ஒரே இடத்தில் நின்றால் தலை நேராக இருக்கிறது. 200 மில்லிமீட்டர் வட்டத்தில் 0.02 வித்தியாசம் வரை விட்டுவிடலாம்.

வேகத்துக்கு எளிய கணக்கு: மைல்டு ஸ்டீலுக்கு 8000 என்ற எண்ணைக் கட்டரின் விட்டத்தால் வகுங்கள். 10 மில்லிமீட்டர் கட்டருக்கு 800 சுற்று. அலுமினியத்துக்கு அதைப்போல மூன்று மடங்கு. பல் வந்து மோதும் திசைக்கு எதிராகப் பொருளைத் தள்ளுங்கள். அதே திசையில் தள்ளினால், ஸ்க்ரூவில் உள்ள ஆட்டத்தின் அளவுக்குக் கட்டர் பொருளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு உடையும்.

கையுறை வேண்டாம், லுங்கி வேண்டாம், தோளில் துண்டு வேண்டாம். கோயிலில் கட்டிய கயிறு மணிக்கட்டில் இருந்தால் அறுத்துவிட்டு வேலையில் நில்லுங்கள், சாமி கோபிக்காது. கண்ணாடி போடுங்கள். சீவலைத் தூரிகையால் தள்ளுங்கள், கையால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். வேலை முடிந்ததும் தரையைப் பெருக்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். செருப்பில் குத்திய சீவல் கூடத்தில் குழந்தையின் காலுக்குப் போகும்.

மருமகன் கடைசியில் 160 கிலோவை ஒட்டிய புதிய மெஷின் ஒன்றை வாங்கினான். திருவலத்தில் அவனுக்குத் தெரிந்தவர் கொல்லையில் இருக்கும் பம்பின் ஷாப்ட்தான் முதல் வேலை. 8 மில்லிமீட்டர் காடிக்கு 8 மில்லிமீட்டர் கட்டரை வைத்து ஒரே ஓட்டமாக ஓட்டினான். கட்டர் லேசாக வளைந்து ஓடியதில் காடி 8.1 ஆகிவிட்டது, சாவி உள்ளே ஆடியது. 6 மில்லிமீட்டர் கட்டரால் நடுவை எடுத்துவிட்டு, இரண்டு சுவரையும் தனித்தனியாகச் சீவ வேண்டும் என்று அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஷாப்டை அரைச்சுற்றுத் திருப்பி, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு காடியை அந்த முறையில் வெட்டினான். சாவி மரச்சுத்தியலின் இரண்டு தட்டில் இறங்கி உட்கார்ந்தது. இரண்டு காடி உள்ள அந்த ஷாப்டோடு பம்பு இப்போது தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது.